தையல் மெஷினுக்கு எந்த உப்புத்தாள்?



ஆனி பிறந்து மேற்கு மலையிலிருந்து காற்றும் சாரலும் கிளம்பிவிட்டால், எங்கள் தேனிப் பக்கத்தில் இரும்பாக எது இருந்தாலும் அதற்கு ஆபத்துதான். அரிவாள்மணை, ஜன்னல் கம்பி, சல்லடை விளிம்பு என்று ஒன்றையும் விடாது. தையல் மெஷினைக் கேட்கவே வேண்டாம். இரண்டு வாரம் தைக்காமல் மூடி வைத்துவிட்டுத் திறந்தால், பளபளவென்று இருந்த ஊசி பிளேட்டில் மஞ்சள் தூவினாற்போல் துரு பூத்திருக்கும்.

சென்ற இதழில் ஊசி நம்பர்களைப் பற்றி எழுதும்போது, "துருப் பிடித்த பாகங்களை மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஊசியை விட்டுவிட்டு அந்த ஒரு வரிக்குத்தான் கடிதம் கடிதமாக வந்திருக்கிறது. "மெதுவாக என்றால் எதை வைத்து?" என்று கம்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார். ஆண்டிபட்டிச் சகோதரிக்குப் பல்பொடி போடலாமா என்று சந்தேகம். சின்னமனூரிலிருந்து ஒருவர் செங்கல் பொடி போட்டே பழக்கம் என்கிறார். இன்னொரு சகோதரியின் மகன், வேலை பார்க்கும் மோட்டார் பட்டறையிலிருந்து ஒரு டப்பா பசை கொண்டு வந்திருக்கிறானாம். "அதைப் போட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாமே, உண்மையா?" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தைப் படித்ததும்தான், இந்த முறை முழுக்க இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம். மெஷினில் மங்கலாகத் தெரிவதெல்லாம் துரு இல்லை. பாதிக்கு மேல் பழைய எண்ணெய் காய்ந்து அரக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான். சில வீடுகளில் மெஷின் ஆயில் தீர்ந்துவிட்டால் கைக்குக் கிடைத்த தேங்காயெண்ணெயையோ கடலையெண்ணெயையோ விட்டுவிடுகிறார்கள். தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துபோகும். கடலையெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும். துணிப் பஞ்சும் தூசியும் அதில் சேர்ந்தால் பழுப்பாக ஒரு பூச்சு. அதைத் துரு என்று நினைத்து உப்புத்தாளை எடுத்தால், அழுக்கோடு நல்ல இரும்பும் சேர்ந்து போய்விடும்.

ஆகையால் எந்தப் பாகமானாலும் முதல் நாள் அதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். கழற்றக் கூடியதைக் கழற்றி, ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊறப் போடுங்கள். ரேஷன் மண்ணெண்ணெய் இப்போது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அது இல்லாவிட்டால் டீசல் போதும், இரண்டும் இல்லாவிட்டால் மெஷின் ஆயிலே போதும், கொஞ்சம் கூட நேரம் ஊறவேண்டும், அவ்வளவுதான். மறுநாள் பழைய பல் பிரஷால் தேய்த்துத் துடைத்தால் வந்த அழுக்கு வரும். வராமல் நிற்பதற்குத்தான் நாம் தாள் தேட வேண்டும்.

அந்தத் தாளைத் தேர்ந்தெடுக்கக் கடினத்தன்மை என்ற சமாசாரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பயப்படாதீர்கள், பாடம் நடத்தவில்லை. எது எதைக் கீறும் என்பதுதான் கணக்கு. மோஸ் என்ற ஜெர்மானியர் 1812ல் கற்களை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தினார். மேலே இருப்பது கீழே இருப்பதைக் கீறும். பவுடர் செய்யும் மாக்கல் ஒன்று, வைரம் பத்து. பித்தளை ஏறக்குறைய மூன்று, ஜன்னல் கண்ணாடி ஐந்தரை, நல்ல எஃகு ஆறு ஆறரை, ஆற்று மணலில் இருக்கும் வெள்ளைக்கல் ஏழு. பார்த்தீர்களா, சாதாரண மணலே எஃகைக் கீறிவிடும். செங்கல் பொடியில் அந்த மணல்தான் இருக்கிறது. அண்டா குண்டாவுக்குச் செங்கல் பொடி போட்டால் நாலு கோடு விழும், போகட்டும், அதில் சோறு வேகாமல் போகாது. மெஷின் பாகம் அப்படி இல்லை. நூல் ஓடுகிற பாதையில் ஒரு கோடு விழுந்தாலும் நூல் அங்கே போய்ச் சிக்கி நைந்துவிடும்.

உப்புத்தாளில் ஒட்டியிருப்பது மணலைவிடக் கடினமானது. அந்தக் காலத்து எமரி தாளில் இருந்தது எமரி என்ற கருங்கல். கிரேக்க நாட்டு நாக்சோஸ் தீவில் பழங்காலத்திலிருந்தே வெட்டி எடுத்தார்கள். அந்த எமரிக்குள் இருந்து வேலை செய்வது குருந்தம் என்னும் கல், கடினத்தில் ஒன்பது. இந்தக் குருந்தம் நம் சேலம் பக்கத்திலும் கிடைத்தது. ஆங்கிலத்தில் அதைக் 'கொரண்டம்' என்கிறார்களே, அந்தப் பேரே நம் தமிழ்க் குருந்தத்திலிருந்து போனதுதான். இன்னொன்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மோதிரத்தில் பதிக்கும் மாணிக்கமும் நீலக்கல்லும் இதே குருந்தத்தின் ஜாதிதான்! நிறம் ஏறி, தெளிவாக இருந்தால் நகைக்கடைக்குப் போகிறது. அழுக்காகக் கிடந்தால் உப்புத்தாளுக்கு வருகிறது.

இப்போது கடையில் வாங்கும் தாளில் பெரும்பாலும் உலையில் செய்த சரக்குதான். கறுப்பாக, தண்ணீரில் நனைத்தாலும் கிழியாத 'வாட்டர் பேப்பர்' இருக்கிறதே, அதில் இருப்பது சிலிக்கன் கார்பைடு. 1891ல் அமெரிக்காவில் அச்சசன் என்பவர் மின்சார உலையில் கண்டுபிடித்தது. அவர் வைத்த 'கார்போரண்டம்' என்ற பேரிலேயே 1954ல் சென்னையில் முருகப்பா குழுமத்தார் கம்பெனி தொடங்கினார்கள். சாணைக்கல்லையும் உப்புத்தாளையும் இறக்குமதிக்குக் காத்திராமல் இங்கேயே செய்ய அது வழி செய்தது.

கல்லின் ஜாதியை விட நமக்கு முக்கியம் அதன் பருமன். தாளின் முதுகில் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். நம்பர் ஏற ஏற நைசு. 220ஆம் நம்பர் தாளில் ஒரு மணியின் பருமன் ஏறக்குறைய நம் தலைமுடி ஒன்றின் பருமன். 400ல் அதில் பாதி. 1000ல் நாலில் ஒரு பங்கு. ரவை, மைதா வித்தியாசம் போலத்தான். சில கடைகளில் இன்னும் பழைய வழக்கப்படி 'ஜீரோ நம்பர்', 'டபுள் ஜீரோ' என்பார்கள். அந்தக் கணக்கில் பூஜ்யம் கூடக் கூட நைசு. ஆனால் ஜீரோ என்று கேட்டால் கடைக்குக் கடை ஒவ்வொன்றை எடுத்துக் கொடுக்கிறார்கள். போன மாதம் நான் போன கடையில், "அண்ணே, தையல் மெஷினுக்கு நைசாத் தாங்க" என்றேன். "ஜீரோ தாம்மா, எல்லாரும் இதைத்தான் வாங்குவாக" என்று ஒன்றை நீட்டினார். திருப்பிப் பார்த்தால் 150. மரக்கதவுக்கு ஆகும். "இது வேணாம்ணே, வாட்டர் பேப்பர்ல அறுநூறும் ஆயிரமும் தாங்க" என்று கேட்டு வாங்கி வந்தேன். நீங்களும் நம்பரைச் சொல்லியே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆளுக்கொரு தாள் வாங்கினால் நாலு வீட்டுக்குப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கால் துண்டு ஒரு வருஷத்துக்கு வரும்.

வீட்டில் என்ன வைத்துக்கொள்ளலாம் என்றால், 600, 1000, இரண்டே தாள். அதற்கு மேல் நைசு வேண்டியதற்குப் பித்தளை தேய்க்கும் திரவ பாலீஷ் ஒரு சின்ன டின். 400 கூட மெஷினின் வெளித் தகட்டில் கெட்டித் துரு ஏறியிருந்தால் மட்டும்தான். 220, 150 எல்லாம் மெஷின் இருக்கும் அறைக்கே வரவேண்டாம்.

இனி சமையல்கட்டுச் சரக்குகளுக்கு வருகிறேன், கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

பல்பொடி, சாக்பீஸ் தூள், விபூதி இவையெல்லாம் மென்மையான ஜாதி. வெள்ளிக் குங்குமச் சிமிழை விபூதி போட்டுத் துடைக்கிறோமே, கீறலே விழாது. எஃகுப் பாகத்தில் மேலாக மங்கியிருந்தால் வெள்ளைப் பல்பொடியை மெஷின் ஆயிலில் குழைத்துத் துடைக்கலாம், ஆண்டிபட்டிச் சகோதரி தைரியமாகச் செய்யலாம். ஆனால் கறுப்பு, சிவப்பு நிறப் பல்பொடிகளில் என்ன அரைத்துப் போட்டிருக்கிறார்களோ, அவை வேண்டாம். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பாத்திரத்துக்கு நல்லது, மெஷினுக்கு ஆகாது. அடுப்புச் சாம்பலிலும் அடிமண் கலந்திருக்கும். கோலமாவு என்று விற்பது ஊருக்கு ஊர் வேறு கல். அதை நம்ப முடியாது.

சந்தேகமாக இருக்கும் எந்தப் பொடியையும் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய கண்ணாடி பாட்டில் ஒன்றின் மேல் ஒரு சிட்டிகை வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கட்டை விரலால் அழுத்தி இருபது தடவை தேயுங்கள். துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியில் முடிக்கோடு போலக் கீறல் தெரிந்தால், அந்தப் பொடி பித்தளையையும் நிக்கல் முலாமையும் நிச்சயம் கீறும். அதை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டிவிடுங்கள்.

புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்கு மகாராணி. இரும்புப் பாகத்துக்குப் போட்டால் அப்போதைக்குத் துரு போகும், மறுநாள் காலையில் இரண்டு மடங்காகத் திரும்பி வந்து நிற்கும். புளிப்பு இரும்பைத் தின்றுவிட்டு ஈரத்தையும் வைத்துவிட்டுப் போகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நகைத் தொழிலில் தங்கத்துக்குக் கடைசி மெருகு ஏற்ற ஒரு சிவப்புப் பொடி உபயோகிப்பார்கள், மூக்குக் கண்ணாடி வில்லைகளுக்கும் அதுவே உதவியது. அது என்ன தெரியுமா? இரும்பு ஆக்சைடு. அதாவது, துருவேதான்! மாவு மாதிரி நைசாக அரைத்தால் துருவும் மெருகுப் பொடி.

இப்போது அந்த டப்பா பசைக்கு வருகிறேன்.

மோட்டார் பட்டறைகளில் இருப்பது வால்வு தேய்க்கும் பசை. ஒரு பக்கம் முரடு, மறு பக்கம் நைசு என்று இரண்டு மூடி போட்ட டப்பாவாகக் கூட வரும். இன்ஜின் வால்வு தன் இருக்கையில் காற்றுப் புகாமல் உட்கார, இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்க அது வேண்டும். தேய்த்த பிறகு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். அந்த வேலைக்கு அது உத்தமமான சரக்கு. தையல் மெஷினுக்கு அது விஷம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் பேரில் இலவசமாகத் தரும் தையல் மெஷின் அவளுக்கும் கிடைத்திருந்தது. மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடைக்கு வெட்டிய துணியைச் சங்கத்திலிருந்து வாங்கி வந்து வீட்டில் தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு வருஷத்தில் பெரிய வரும்படியே அந்த சீசன்தான். ஒரு சித்திரையில், மெஷின் கொஞ்சம் கனமாக ஓடுகிறது என்று, தெருவில் போன ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் ஷட்டிலைக் கழற்றி, அது ஓடுகிற வளையத்தில் இந்தப் பசையைத் தடவி, திரும்ப மாட்டி, சக்கரத்தைக் கையால் அரை மணி நேரம் சுற்றியிருக்கிறான். வெளித் தகடுகளை முரட்டுத் தாளால் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டான். மேலாக ஒரு துணியால் துடைத்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"பூ மாதிரி ஓடுது மதினி" என்று அன்றைக்கு வந்து சொன்னாள். மூன்றாம் நாள் தையல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. பிறகு நூல் அறுந்தது. பிறகு கடகடவென்று சத்தம். என்ன ஆயிற்று தெரியுமா? ஊசிக்கும் ஷட்டிலின் மூக்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு காகிதம் நுழையும் அளவுதான். அந்த மூக்குதான் ஊசிக்குப் பின்னால் வருகிற நூல் வளையத்தைக் கொத்தி எடுத்துப் போகிறது. பசை அந்த மூக்கையும் மழுக்கிவிட்டது, வளையத்தையும் தேய்த்து ஆட்டம் கொடுத்துவிட்டது. புது ஷட்டில் வாங்கிப் போட்டாள். அதுவும் சில வாரத்தில் அதே கதி.

புது ஷட்டில் ஏன் தேய வேண்டும்? இதற்கு விடை, தேனியில் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரத் தம்பி சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. "அக்கா, பொடி எங்கயும் போயிருக்காது. மெதுவான இரும்புல போய்ப் பதிஞ்சு உக்காந்துக்கும். அப்புறம் அந்த இரும்பே சாணைக்கல்லு. மேல எது ஓடுனாலும் அதை அரைச்சுப்புடும்" என்றான். பட்டறையில் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்களாம், மெதுவான உலோகத்தில் பொடியைப் பதித்து, கடின எஃகை அதில் தேய்த்து அளவுக்குக் கொண்டு வருவார்களாம். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடினமானது மெதுவானதைத் தேய்க்கும் என்றுதானே நினைத்திருந்தோம். பொடி நடுவில் வந்துவிட்டால், தேய்வது பெரும்பாலும் கடினமானதுதான்.

கடைசியில் வளையம், ஷட்டில், முன்பக்கத்துப் புஷ் எல்லாவற்றையும் மாற்றித்தான் அந்த மெஷின் தேறியது. அதற்குள் துணியைச் சங்கத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த வருஷம் அவள் மகளுக்கு எடுக்க இருந்த கம்மல் அடுத்த வருஷத்துக்குப் போயிற்று.

ஆகவே என் கணக்கு இது. ஒன்றோடொன்று உரசி ஓடுகிற இடம் எதுவானாலும், அங்கே தாளும் வேண்டாம், பொடியும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஊசிக் கம்பி, ஷட்டில், அது ஓடும் வளையம், உள்ளே ஓடும் தண்டுகள், எண்ணெய்த் துளைகள் இவற்றுக்கு டீசல், பிரஷ், துணி, எண்ணெய், அவ்வளவே. தாள் போடுவது வெளியே தெரிகிற, நகராத தகடுகளுக்கு மட்டும்.

அதை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன். தகட்டை மெஷினிலிருந்து கழற்றி, தள்ளிக் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். மெஷினில் இருக்கும்போதே தேய்த்தால் தூள் நேராகப் பல்லுக்குள்ளும் ஷட்டிலுக்குள்ளும் இறங்கும். வாட்டர் பேப்பர் என்று பேர் இருந்தாலும் தண்ணீர் தொட வேண்டாம், ஈர இரும்பு ஒரு மணி நேரத்தில் பழுத்துவிடும். மெஷின் ஆயிலைத் தொட்டுக்கொண்டே தேய்க்கலாம். 1000ல் ஆரம்பியுங்கள். நம்மில் பலர் முரட்டுத் தாளில் ஆரம்பித்து நைசுக்கு வருவோம். பட்டறைக்காரர்கள் அளவு பார்த்துச் செய்வதால் அவர்களுக்கு அது சரி. நமக்கு வேண்டியது துரு போவது மட்டும். 1000ல் போய்விட்டால் 600 எதற்கு? போகாவிட்டால் 600 எடுத்து, ஒரே திசையில் பத்து இழுப்பு இழுங்கள். பிறகு 1000ஐ அதற்குக் குறுக்காக ஓட்டி, முதல் கோடுகள் மறையும் வரை தேயுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொண்டால் தட்டையாக வரும். துரு அரித்த இடத்தில் கறுப்புப் புள்ளி நின்றால் நிற்கட்டும், அதைத் துரத்திக்கொண்டு போனால் தகடு மெலிந்துவிடும்.

இரண்டு நம்பருக்கும் ஒரே துணியை வைத்துத் துடைக்காதீர்கள். தாள்களையும் தனித்தனி உறையில் வையுங்கள். 1000ஆம் நம்பர் தாளில் ஒரு முரட்டு மணி ஒட்டிக்கொண்டால் போதும், செய்த வேலையெல்லாம் வீண்.

பளபளக்கும் சக்கர விளிம்பு, பிரஷர் பூட் இவை முலாம் பூசியவை. முலாம் காகிதத்தைவிட மெல்லிசு. தாள் பட்டால் அடியில் இருக்கும் இரும்பு தெரிந்துவிடும், அப்புறம் ஒவ்வொரு சாரலுக்கும் துருதான். இதற்கு நான் கண்ட நல்ல சாமான், டிபன் சுற்றும் அலுமினியத் தாள். கையகலம் கிழித்து உருட்டி, எண்ணெயில் தோய்த்துத் தேய்த்தால் மேலே பூத்த துரு மட்டும் வரும். அலுமினியம் முலாமை விட மெதுவானது, அதனால் கீறாது. பிரஷர் பூட்டின் அடிப்பக்கம் மட்டும் கவனம், அங்கே துணி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், சொரசொரப்பு ஆகாது.

ஊசி பிளேட்டின் துளை இருக்கிறதே, அதுதான் நூல் அறுவதற்குப் பெரிய காரணம். ஊசி வளைந்து குத்தி, துளையின் விளிம்பில் சின்னப் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. பழைய நைலான் துணியின் நுனியை அதில் தேய்த்தால் இழை பிடித்து இழுக்கும். பிளேட்டைக் கழற்றிவிட்டு, கெட்டிப் பருத்தி நூலைப் பாலீஷில் தோய்த்து, துளைக்குள் கோத்து, ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு, பிளேட்டை முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள். திசையை மாற்றி மாற்றிச் செய்யவேண்டும், ஒரே பக்கம் இழுத்தால் அங்கே வாய்க்கால் விழுந்துவிடும். அரை மணியில் பிசிறு போய்விடும். பெரிய வெட்டாக இருந்தால் பாடுபடாமல் வேறு பிளேட் வாங்கிவிடுங்கள்.

டென்ஷன் தட்டுகளைக் கழற்றும்போது அவை இருந்த வரிசையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, டீசலில் கழுவித் துணியால் துடைத்தால் போதும். நூல் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தால் எந்த மெருகும் அதைச் சரிசெய்யாது, மாற்ற வேண்டியதுதான். மெஷினின் கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூவேலை இருக்குமே, அதன் மேல் பாலீஷும் வேண்டாம். மூக்கைத் துளைக்கும் வாடை வருகிற பாலீஷ்களில் அம்மோனியா இருக்கும், பூவேலை கரைந்து போகும். எண்ணெய்த் துணியே அதற்கு அழகு. துருப் பிடித்த மெஷின் ஊசியைத் தேய்க்கவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள். கையால் தைக்கும் ஊசியானால் சுத்தம் செய்யலாம். மேல்நாட்டில் தக்காளி வடிவ ஊசிமெத்தையோடு ஒரு குட்டி ஸ்ட்ராபெரிப் பழம் தொங்கும், பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று நினைத்திருந்தோம். அதற்குள் எமரிப் பொடி இருக்கிறதாம்! ஊசியை நாலு தடவை அதில் குத்தி எடுத்தால் துரு போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் கழுவுவதில்தான் இருக்கிறது சூட்சுமம். மூன்று கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிண்ணத்து டீசலில் கழுவி, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் முக்கி எடுங்கள். மூன்றாவது கிண்ணத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் திரும்பவும் முதலிலிருந்து. அரிசி களைகிற மாதிரிதான், தண்ணீர் தெளியும் வரை.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேய்த்த தூளை வாயால் ஊதும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அது கண்ணிலும் மூக்கிலும்தான் வந்து விழும். கல் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் பக்கம் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்களுக்கு அந்தத் தூளால்தான் சிலிக்கோசிஸ் என்ற நோய் வந்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணிக்குப் பழசான தோற்றம் வர மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் வேலை செய்த இளைஞர்களுக்கும் அதே நோய். 2009ல் அந்த நாட்டு அரசாங்கம் அந்த முறையையே தடை செய்தது. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. வருஷத்துக்கு ஒரு தகடு தேய்க்கிற நமக்கு அந்த அளவு ஆபத்து இல்லைதான். இருந்தாலும் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் தூளே கிளம்பாது, பிறகு எதற்கு உலர்ந்து தேய்க்க வேண்டும்?

மெஷினின் இரும்பு ஸ்டாண்டில் பழைய காலத்துப் பெயிண்ட் உரிந்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை. பழைய பெயிண்டுகளில் ஈயம் நிறைய இருந்தது. நம் நாட்டில் 2016ல்தான் அதற்கு விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்று வந்தது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பெயிண்டைச் சுரண்டித் தூளாக்காதீர்கள். மேலேயே புதுப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். டீசல், மண்ணெண்ணெய் கிண்ணங்கள் அடுப்பங்கரைக்கு வரக்கூடாது. டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு மறந்துபோய், குழந்தை எடுத்துக் குடித்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். கைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டால் தோல் வெடிக்காது.

இடையில் ஒன்று. ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து மூன்று பட்டை விபூதி போட்டு, மேலே சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அது காய்ந்ததும் உதிர்ந்து நேராக எண்ணெய்த் துளைக்குள் விழுகிறது. சந்தன ஈரத்தில் தகடும் பழுக்கிறது. சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள், பொட்டை மரப் பலகையில் வையுங்கள்.

தேய்த்து மெருகேறிய இரும்புக்குப் பழைய அழுக்கின் பாதுகாப்பும் போய்விடும். அன்றைக்கே எண்ணெய் தடவாவிட்டால் முன்னைவிடச் சீக்கிரம் துருவேறும். துளைக்கு ஒரு சொட்டு விட்டு, தகடுகளின் மேல் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்து, ஊசியில் நூல் கோக்காமல் ஐந்து நிமிஷம் மிதியுங்கள். பிறகு நூல் கோத்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டில் ஓட்டுங்கள். முதல் நாலைந்து வரியில் கறுப்பாக எண்ணெய்க் கறை விழும். கறை நின்று, தையல் ஒரே சீராக விழும் வரை வேட்டித் துண்டு. பட்டு ஜாக்கெட் அதற்கப்புறம்.